நகைச்சுவைப் படமும் நடுவீட்டுக் கணக்கும்

திரைப்படத்தைப் பற்றிக் குருவானவர் ஒருவர் எழுதப் புகுந்தால், ஆபாசத்தைக் கண்டிப்பார், வன்முறையைக் கண்டிப்பார், நல்ல படங்களையே பாருங்கள் என்று சொல்லி முடிப்பார் என வாசகர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. அவ்விரண்டையும் பற்றி எழுதுவோர் பலர் உளர். நான் எழுத விரும்புவது, ஒருவராலும் கண்டிக்கப்படாத படங்களைப் பற்றி. "குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம் சாமி, ஒரே சிரிப்பு" என்ற நற்சான்றோடு நம் இல்லங்களுக்குள் தடையின்றி நுழையும் நகைச்சுவைப் படங்களைப் பற்றி. அவற்றுள்ளும் குறிப்பாக ஒரு வகை. கதாநாயகனுக்கு முப்பது வயது நெருங்கிவிட்டது, படிப்பை முடிக்கவில்லை, வேலைக்குப் போகவில்லை, தாய் போடும் சோற்றைத் தின்று, தமையன் சம்பாத்தியத்தில் உடுத்தி, நண்பனின் பையில் கைவிட்டுத் தேநீர் குடித்து, ஊரைச் சுற்றி வருகிறான். அவன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் விதங்களே படத்தின் வேடிக்கை.

இப்படங்களைச் சிரிக்காமல் பார்த்தேன் என்று நான் சொன்னால் அது பொய். சிறு வயதிலிருந்தே எனக்கு நகைச்சுவையில் நாட்டம் உண்டு. 1980-களில் எங்கள் ஊரில் பங்குக் குருவின் இல்லத்தில் மட்டுமே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. ஞாயிறு மாலைகளில் சென்னைத் தொலைக்காட்சி ஒரு தமிழ்ப் படம் ஒளிபரப்பும். அப்பெட்டியை முற்றத்தில் வைத்து ஊரே கூடிப் பார்க்கும். ஸ்ரீதர் இயக்கத்தில் 1964-இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை'யை அவ்வாறுதான் முதன்முதலில் பார்த்தேன். மகன் நாகேஷ் தாம் எடுக்கவிருக்கும் பேய்ப் படத்தின் கதையைச் சொல்லச் சொல்ல, தந்தை டி.எஸ். பாலையா கண்கள் பிதுங்க நடுங்கும் காட்சியில், எங்கள் உபதேசியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். அம்மனிதர் சிரித்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

சிரிப்பு குற்றமன்று. இதற்குப் புனித தாமஸ் அக்குவினாஸே சாட்சி. அவர் தம் இறையியல் பெருநூலில் விளையாட்டைப் பற்றியும் கேளிக்கையைப் பற்றியும் ஆராயுமிடத்தில், வேடிக்கையில் மிகுதியும் குற்றம், குறைவும் குற்றம் என்கிறார். தானும் சிரிக்காமல், பிறர் சிரிப்பையும் பொறாதவன் மற்றவர்களுக்குச் சுமையாக இருக்கிறான் என்பது அவர் கருத்து. வில்லை எந்நேரமும் நாண் இழுத்தே வைத்திருந்தால் அது முறிந்துபோகும். மனமும் அத்தகையதே என்ற பழங்கதையையும் அவர் அங்கே எடுத்துக்காட்டுகிறார்.

பொறுப்பற்ற மகனும் கோபக்காரத் தந்தையும் இன்று நேற்றுத் தோன்றிய பாத்திரங்கள் அல்லர். குருமடத்தில் இலத்தீன் பயின்றபோது டெரன்ஸ் என்னும் உரோமை நாடக ஆசிரியரின் பெயர் எங்களுக்கு அறிமுகமாயிற்று. கி.மு. 160-இல் மேடையேறிய அவருடைய 'சகோதரர்கள்' நாடகத்தில், ஒருவர் தம் மகனைக் கண்டிப்போடு வளர்க்கிறார். அவருடைய தம்பியோ, அண்ணனின் மற்றொரு மகனைத் தத்தெடுத்து, கேட்டதையெல்லாம் கொடுத்து வளர்க்கிறார். இரண்டு பிள்ளைகளும் தறுதலைகளாகத்தான் திரிகிறார்கள்! கண்டிப்பவர் அறியாமல் ஒருவன், செல்லம் கொடுப்பவர் அறிய மற்றொருவன், வேறுபாடு அவ்வளவே. பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவோர் எல்லாரும் ஒருமுறை படிக்க வேண்டிய நாடகம் அது.

நம் தமிழிலும் 1941-லேயே 'சபாபதி' வந்துவிட்டது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஏ.வி. மெய்யப்பன் படமாக்கினார். டி.ஆர். இராமச்சந்திரன் செல்வர் வீட்டு மந்தப் பிள்ளை, காளி என். ரத்தினம் அவருடைய வேலைக்காரர். இருவருக்கும் பெயர் சபாபதி, இருவருக்கும் அறிவு ஒரே அளவு. பள்ளியில் தேறாத அப்பிள்ளைக்குக் கலியாணம் செய்து வைக்கிறார்கள். படித்த பெண்ணாகிய மனைவி அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வருவேன்.

அப்படியானால் எனக்கு என்ன குறை? பழைய படங்களில் பொறுப்பற்றவனை நோக்கி நாம் சிரித்தோம். இன்றைய படங்களில் அவனோடு சேர்ந்துகொண்டு, உழைப்பவனை நோக்கிச் சிரிக்கிறோம். என் குறை இதுதான்.

மீண்டும் 'காதலிக்க நேரமில்லை'யையே பாருங்கள். சோம்பேறி மகன் செல்லப்பா, தந்தையின் பணத்தை நம்பி 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று பலகை மாட்டிக்கொண்டு, ஓர் அடி படமும் எடுக்காமல் காலத்தைக் கழிக்கிறான். ஆனால் அவன் கதாநாயகன் அல்லன். கதாநாயகன் அசோக், அதே தந்தையின் தோட்டத்தில் வேலை பார்த்து நீக்கப்பட்டவன். அவன் என்ன செய்கிறான்? முதலாளியின் வீட்டுக்கு எதிரே கூடாரம் அடித்து, இழந்த வேலையைத் திரும்பக் கொடு என்று ஆடிப் பாடிப் போராடுகிறான். பின்னர் அவன் போடும் வேடங்களையும் சொல்லும் பொய்களையும் நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆயினும், 1964-இன் கதாநாயகன் வேலை கேட்டுப் பாடினான் என்பது சிறிய செய்தியன்று.

2010-க்கு வருவோம். இயக்குநர் ராஜேஷின் 'பாஸ் என்கிற பாஸ்கரன்'. பெருவெற்றி பெற்ற படம். அதில் சந்தானம் சொல்லும் 'நண்பேன்டா' என்ற சொல் ஊரெங்கும் பரவி, பின்னர் வேறொரு படத்துக்குப் பெயராகவே ஆயிற்று. கதாநாயகனுக்குப் பட்டப் படிப்பில் பாடங்கள் நிலுவை. தேர்வில் பார்த்து எழுதுவதற்கென வைத்திருக்கும் துண்டுச் சீட்டுகளைப் பற்றிப் பேருந்தில் சந்தித்த பெண்ணிடமே பெருமையாகச் சொல்கிறான். தேர்வு அறைக்குப் போனால் அவளே கண்காணிப்பாளர்! நானும் சிரித்தேன். அவனுடைய அண்ணன் கால்நடை மருத்துவர். மாடுகளுக்கும் நாய்களுக்கும் ஊசி போட்டுக் குடும்பத்தைத் தாங்குகிறவர். அந்த அண்ணனின் மனைவியினுடைய தங்கைதான் இவன் விரும்பும் பெண். கலியாணப் பேச்சை எடுத்தவுடன், என்ன வேலை, எதை வைத்துக் குடும்பம் நடத்துவாய் என்ற கேள்வி வீட்டுக்குள்ளிருந்தே எழுகிறது. நியாயமான கேள்வி. ஆனால் படம் பார்ப்பவர் நெஞ்சில் அக்கேள்வி எப்படி விழுகிறது? கொடுஞ்சொல்லாக விழுகிறது. அதுவரை ஒரு காசு கொடுக்காதவன் அவமானப்பட்ட தியாகியாக வெளியேற, அத்தனை ஆண்டுகள் சோறு போட்டவர்கள் இரக்கமற்றவர்களாக நிற்கிறார்கள். அரங்கின் கண்ணீர் அவனுக்கே. 2013-இல் வந்த 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' படத்தின் பெயரே போதும்; விளக்கம் வேண்டியதில்லை.

அதன்பின் அவன் திருந்துகிறான். எவ்வாறு? ஏறத்தாழ ஒரு பாட்டு நேரத்தில். இந்த ஒரு பாட்டு முன்னேற்றம் தமிழ்ப் படங்களின் பழைய சொத்து. 1992-இல் 'அண்ணாமலை'யில் பால்காரர் பெரும் விடுதிகளின் அதிபராக உயர்ந்தார். 1997-இல் 'சூர்யவம்சம்' படத்தில் ஒரு பாட்டு முடிவதற்குள் கணவர் தொழிலதிபர், மனைவி மாவட்ட ஆட்சியர். அவற்றைக் கண்டு நாம் கேலி செய்கிறோம். ஆனால் அந்த மனிதர்கள் பாட்டுக்கு முன்னும் உழைப்பாளிகள். பால் கறந்தவர் ஒருவர். தந்தையின் வீட்டிலேயே வேலையாளைப் போல் பாடுபட்டவர் மற்றவர். அவர்களுடைய நீண்ட உழைப்பைச் சுருக்கிக் காட்டவே அந்தப் பாட்டு பயன்பட்டது. அதே பாட்டை, ஒருநாளும் விடியற்காலையில் எழாத ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்திருப்பதுதான் பின்வந்தவர்களின் புதுமை.

இதிலும் மோசமான நிலை இப்போது வந்திருக்கிறது. முழுப் படத்தை யார் பார்க்கிறார்கள்? சிரிப்புக் காட்சிகளை மட்டும் வெட்டித் தொலைக்காட்சியில் நாளெல்லாம் காட்டுகிறார்கள். கைப்பேசியில் அதுவும் அரை நிமிடத் துண்டுகளாக வருகிறது. திருந்தும் பாதி எவர் கண்ணிலும் படுவதில்லை. எங்கள் பங்கின் சிறுவர்களுக்குப் பாஸ்கரன் இறுதியில் தனிப்பயிற்சிக் கூடம் நடத்தினான் என்பது தெரியாது. அவன் நண்பனின் கடையில் உட்கார்ந்து வம்பளந்தது வரிக்கு வரி தெரியும்.

திரையில் காட்டப்படாத கணக்கு ஒன்று உண்டு. வீடு சந்திக்கப் போகும்போது அது நடு வீட்டில் எனக்குக் கிடைக்கும். பெயரும் ஊரும் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தாய் கைம்பெண். மூத்தவள் செவிலியர், வெளியூர் மருத்துவமனையில் இரவுப் பணி, வயது முப்பத்திரண்டு. இளையவன் இருபத்தொன்பது. படிப்பு பாதியில் நின்றது. மூன்று வேலைகளுக்குப் போய், மேலாளர் ஒருமையில் பேசினார், சாப்பாடு சரியில்லை, பேருந்து கிடைக்கவில்லை என மூன்றையும் விட்டவன். நான் போன மாலையில் தொலைக்காட்சியில் இத்தகைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தாயும் மகனும் அருகருகே அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவன் எழுந்து, வணக்கம் சொல்லி, நாற்காலி போட்டுவிட்டு வெளியே போனான். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவன். அதில்தான் சங்கடமே இருக்கிறது. தாய் கண்களைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பால் வந்த கண்ணீர் என்றுதான் முதலில் எண்ணினேன்.

"சாமி, இவனுக்கு ஒரு பொண்ணைப் பார்த்துக் கட்டிவச்சிட்டா எல்லாம் சரியாயிடும். நீங்க ஒரு நல்ல இடமாச் சொல்லுங்க."

"மூத்தவள் இருக்கிறாளே அம்மா?"

"அவ போயிட்டா அவ சம்பளம் போயிடும் சாமி. இவன் ஒரு நிலைக்கு வரட்டும்."

தமக்கையின் சம்பளத்தில்தான் அந்த வீட்டின் வாடகை, மளிகை, தாயின் சர்க்கரை நோய் மாத்திரை, சுய உதவிக் குழுக் கடனின் தவணை, அவனுடைய கைப்பேசிக் கட்டணம் ஆகிய யாவும் நடந்தன. வந்த வரன்கள் இரண்டை, தம்பி ஒரு நிலைக்கு வரும் வரை என்று ஒத்திப்போட்டிருந்தார்கள். அவன் வீணாக்கிய ஆண்டுகளுக்கு விலை கொடுத்தவள் அவள். எந்த நகைச்சுவைப் படத்தில் இந்தத் தமக்கைக்கு நேர்முகக் காட்சி ஒன்று உண்டு? இரவுப் பணி முடித்துப் பேருந்தில் தூங்கி வழியும் பெண்ணைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதால், திரைக்கதை எழுதுவோர் அவளை விட்டுவிடுகிறார்கள்.

'சபாபதி'யை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? கால்கட்டு போட்டால் காளை அடங்கிவிடும் என்பது நம் தாய்மாரின் பழைய நம்பிக்கை. 1941 முதல் நம் படங்கள் அதற்கு எண்ணெய் வார்த்து வருகின்றன. தாயாலும் ஆசிரியராலும் மேலதிகாரியாலும் ஆகாததை, வேறொரு வீட்டிலிருந்து வரும் இருபத்திரண்டு வயதுப் பெண் செய்து முடிப்பாளாம். இதை நான் கடுமையாகவே மறுக்கிறேன். திருமண ஆயத்தத்திற்கு என்னிடம் வரும் மணமக்களில் மணமகனிடம் நான் தனியே கேட்பதுண்டு: "தம்பி, ஒரே இடத்தில் எத்தனை மாதம் வேலை பார்த்திருக்கிறாய்?" எவ்வளவு சம்பளம் என்று கேட்பதில்லை. கூலி வேலையாயினும் குறையில்லை. எத்தனை மாதம் என்பதுதான் கேள்வி. மேற்சொன்ன இளைஞனின் தாயாரிடமும், ஆறு மாதம் ஒரே வேலையில் நிற்கட்டும், அதன்பின் திருமண ஓலை வாசிப்பதைப் பற்றிப் பேசுவோம் என்றேன். முதலில் மூத்தவளுக்குப் பாருங்கள் என்றும் சொன்னேன். தாயார் மனவருத்தம் கொண்டு சில ஞாயிறுகள் என் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். மூத்தவளின் கலியாணம் மறு ஆண்டு நடந்தது. அவள் போனபின் வாடகைக்கு வழியின்றி அவன் ஒரு வண்டி உதிரிபாகக் கடைக்குப் போகத் தொடங்கினான். நான்கு மாதம் போனான், நின்றான், மறுபடி போனான். அப்பங்கிலிருந்து நான் மாற்றலாகும்வரை கதை இந்த அளவில்தான் இருந்தது. பாட்டு ஏதும் ஒலிக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வேலையில்லாதவன் வேறு, வேலைக்குப் போகாதவன் வேறு. பட்டம் பெற்று, தேர்வுகள் எழுதி, நேர்முகங்களுக்கு அலைந்து, வெறுங்கையோடு திரும்பும் பிள்ளைகள் நம் பங்குகளில் எத்தனையோ பேர். அவர்களையும் ஊர் 'தண்டச்சோறு' என்றே அழைக்கிறது. சோம்பேறிக் கதாநாயகனைக் கண்டு சிரித்த அதே வாய், மறுநாள் தெருவில் இந்தப் பிள்ளையைக் கண்டும் சிரிக்கிறது. கே. பாலசந்தர் 1980-இல் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் தில்லியில் வேலை தேடிப் பசியோடு அலையும் இளைஞர்களைக் காட்டினார். அடுத்த ஆண்டே, 1981-இல், 'தில்லு முல்லு'வில் வேலைக்காகப் பொய் மீசையும் பொய்த் தம்பியுமாக ஒருவன் படும் பாட்டைக் காட்டிச் சிரிக்க வைத்தார். அழவைத்த படத்திலும் சிரிக்கவைத்த படத்திலும், வேலை என்பது ஒரு மனிதனுக்கு எவ்வளவு அவசியம் என்பதை அவர் மறக்கவில்லை. சிரிப்புப் படம் எடுப்பவருக்கு வாழ்க்கையின் கனம் தெரிந்திருக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

பொறுப்பைத் தட்டிக்கழிப்பவன் வேலையற்றவனாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கை நிறையச் சம்பாதித்தும் வீட்டுக்குக் கை நீட்டாதவன் உண்டு. விசு எழுதி இயக்கி 1986-இல் வெளிவந்த 'சம்சாரம் அது மின்சாரம்' அத்தகைய மூத்த மகனைப் பற்றியது. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு செலவு என்று அவன் கணக்குக் கேட்க, தந்தை வீட்டின் நடுவே கோடு கிழித்துவிடுகிறார். மனோரமாவின் வாய்ச்சாதுரியத்தில் நாம் சிரித்துக்கொண்டேயிருக்கிறோம். ஆனால் அரிசி என்ன விலை, யார் கொடுப்பது என்ற கேள்வி ஒரு காட்சியிலும் மறைவதில்லை. நடுவீட்டுக் கணக்கையே நகைச்சுவையாக்கிய படம் அது. இறுதியில் எல்லாரும் மீண்டும் கூடிவிட்டார்கள் என்று சுகமாக முடிக்காமல், தனித்தனியே வாழ்ந்து அன்போடு சந்தித்துக்கொள்வோம் என மூத்த மருமகள் முடிவு சொல்வதும் எனக்குப் பிடிக்கும். நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதாகிய தங்கத் தாமரையை அப்படம் பெற்றது. நம் வாசகர்களுக்கு மற்றொரு காரணத்தாலும் அது நினைவிருக்கும்: அவ்வீட்டு மகள் ஒரு கிறிஸ்தவ இளைஞனை மணக்க, ஆல்பர்ட் பெர்னாண்டஸ் சம்பந்தியாக வந்து சேர்கிறாரே!

ஊதாரி மகனின் உவமையை எடுத்துக்காட்டி, ஆண்டவரே அவனை மன்னித்தாரே, படங்களும் அதைத்தானே செய்கின்றன என்று ஓர் ஆசிரியர் என்னிடம் வாதிட்டார். நல்ல வாதம். ஆனால் அந்த இளையவன் திரும்பி வருகையில் என்ன எண்ணிக்கொண்டு வருகிறான்? மகன் என்ற உரிமையைக் கேட்கும் எண்ணம் அவனிடம் இல்லை. கூலியாட்களில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்று கேட்கவே வருகிறான். மேலும், வயலில் வேலை முடித்து வரும் மூத்தவன் வீட்டுக்குள் வர மறுத்து நிற்கும்போது, தந்தை அவனைத் தேடியும் வெளியே வருகிறார். அவனுடைய மனக்குறையை நின்று கேட்கிறார். நம் படங்களின் தந்தையர் மூத்தவனைத் தேடி எப்போது வெளியே வந்தார்கள்?

கடந்த ஆண்டு எங்கள் பங்கின் இளையோர் கூட்டத்தில் 'பாஸ் என்கிற பாஸ்கரன்' படத்தைப் போட்டுக் காட்டினேன். குருவே படம் போடுகிறாரா என்று வியந்து, வழக்கமாக வருவதைப் போல் இரு மடங்கு பேர் வந்தார்கள். தடையின்றிச் சிரிக்கச் சொன்னேன். ஆனால் ஆளுக்கொரு தாள் கொடுத்து, கதாநாயகன் சாப்பிடும், குடிக்கும், பயணம் செய்யும் ஒவ்வொரு காட்சியிலும் பணம் யாருடையது என்று எழுதிக்கொண்டே வரச் சொன்னேன். முதல் அரைமணி நேரம் எழுதினார்கள். பிறகு சிரிப்பில் மறந்துபோனார்கள். தாள்களை வாங்கிப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் அண்ணன், அம்மா, நண்பன் என்று திரும்பத் திரும்ப வந்தது. ஒரு பெண் பிள்ளை மட்டும் படத்தைப் பற்றி எழுதாமல், தன் வீட்டு வரவு செலவை எழுதியிருந்தாள். அந்தத் தாளை மற்றவர்களுக்குக் காட்டவில்லை.

கூட்டம் முடிந்தபின் ஓர் இளைஞன் கேட்டான்: "ஃபாதர், அந்த அண்ணன் தம்பியைச் சின்ன வயசிலேயே திட்டியிருந்தா, படமே இருந்திருக்காதே?" எல்லாரும் சிரித்தார்கள். டெரன்ஸின் இரண்டு தந்தையரைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். திட்டினாலும் படம் இருந்திருக்கும் என்று தெரிந்ததில் அவனுக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த கூட்டத்தில் 'சம்சாரம் அது மின்சாரம்' போடுவதாக இருக்கிறோம். இம்முறை பெற்றோர்களும் வரலாம் என்று அறிவித்திருக்கிறேன். தாய்மார் பலர் பெயர் கொடுத்துவிட்டார்கள். தந்தையர் எத்தனை பேர் வருவார்கள் என்று பார்க்க வேண்டும்.